தேனீ முதுகில் எண்

சர்க்கரைப் பாகில் வாய் வைத்துவிட்ட தேனீ வேறெதையும் கவனிக்காது. அந்த நேரம் பார்த்து மெல்லிய தூரிகையால் அதன் முதுகில் பொட்டு வைத்துவிடுவார் விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ். அரக்கு கலந்த சாயம், சட்டென்று காய்ந்துவிடும். முதுகின் முன்விளிம்பில் வெள்ளை என்றால் 1, சிவப்பு 2, நீலம் 3, மஞ்சள் 4, பச்சை 5. அதே நிறங்கள் பின்விளிம்பில் இருந்தால் 6, 7 என்று தொடரும். நூறுகளுக்கு வயிற்றின் மேல் பொட்டு. இப்படி 599 வரை எண் போடலாம்.

ஆஸ்திரியாவில், வுல்ஃப்காங் ஏரிக்கரையில் உள்ள புருன்விங்கில் என்ற இடத்தில் 1944-இல் அவர் செய்தது எளிய காரியம்தான்: தீனித் தட்டைக் கூட்டிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போனார். கூடு திரும்பிய தேனீ வட்டமாக ஆடினால் பூந்தேன், வாலாட்டி ஆடினால் மகரந்தம் என்று 1920-களில் எழுதிவைத்தவரும் அவரே. தட்டு தூரம் போனதும், பாகு குடித்துத் திரும்பிய தேனீக்களும் வாலாட்டின. இருபது வருஷ முடிவை அவரே கலைத்தார். எனக்கு அவருடைய நோபலைவிட (1973) இதுதான் பெரிது. அப்புறம் கண்ணாடிக் கூட்டின் முன்னால் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து எண்ணினார். தீனி 100 மீட்டரில் என்றால் 15 வினாடியில் ஒன்பது, பத்துச் சுற்று. 6 கிலோமீட்டரில் என்றால் இரண்டே சுற்று. ஆடும் தேனீ அடையில் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்து ஓடுகிறதோ, வெளியே சூரியனிலிருந்து அவ்வளவு விலகிப் பறக்க வேண்டும்.

ஆடுவது சரி, மற்ற தேனீக்கள் அதைப் பார்த்துத்தான் போகின்றனவா? மணம் பிடித்துத்தான் போகின்றன என்று அமெரிக்காவின் ஏட்ரியன் வென்னர் 1967-இல் வாதாடினார். கூட்டை விட்டுக் கிளம்பிய தேனீ கண்ணுக்கு எட்டாது. தூரிகையை வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. 2005-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வாளர்கள் தேனீ முதுகில் நுண்ணிய ஆண்டெனா ஒட்டி ராடாரில் பின்தொடர்ந்தார்கள். ஆட்டம் பார்த்த சில தேனீக்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவையும் கூட்டில் கற்ற திசையில், கற்ற தூரமே பறந்தன, அங்கே தீனி ஏதும் இல்லாதபோதும்.

பெர்லின் ஆய்வாளர்கள் ஒட்டுவது பொட்டுக்குப் பதில் வட்டக் குறியீட்டு வில்லை. அகச்சிவப்பு வெளிச்சம் தேனீக்குத் தெரியாது என்பதால், அந்த வெளிச்சத்திலேயே கேமராக்கள் பதிவு செய்ய, யார் எங்கே என்று கணினி சொல்லிவிடுகிறது.

கருவி மாறியதைவிடக் கேள்வி மாறியதுதான் பெரிய விஷயம். ஃபிரிஷ் தேனீ என்ன சொல்கிறது என்று கேட்டார். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோ, அது சொல்வதை வைத்து நிலத்தையே எடைபோட்டார்கள். இரண்டு வருஷத்தில் 5,484 ஆட்டங்கள், சுமார் 94 சதுர கிலோமீட்டர்; முடிவு 2014-இல் வெளியானது. சுற்றுச்சூழலுக்காக அரசு மானியம் தரும் பண்ணைகளில், உயர்நிலைத் திட்டத்து நிலங்களைத் தேனீக்கள் விரும்பிப் போயிருந்தன. இயற்கை வேளாண்மையின் தொடக்கநிலைத் திட்டத்து நிலங்களுக்குக் குறைவாகவே போயின. ஆரம்ப வருஷங்களில் களைக்காக அடிக்கடி வெட்டிவிடுவதால் அங்கே பூ மிஞ்சவில்லை போலும் என்று விளக்கம் சொன்னார்கள்.