தார் பாலைவனத்தின் மழைக் கணக்கு

ராஜஸ்தானில், தார் பாலைவனத்திலுள்ள பார்மரில் ஆண்டுக்குச் சராசரியாக 280 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. ஆனால் 2006 ஆகஸ்டில், ஏறக்குறைய இரண்டு ஆண்டு மழை சில நாட்களில் கொட்டித் தீர்த்தது. அருகிலுள்ள கவாஸ் கிராமம் மூழ்கியது. மணலுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால், நீர் கீழே இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது.

இதே ராஜஸ்தானில் 1899இல் மழை அடியோடு பொய்த்தது. அது விக்ரம ஆண்டு 1956. அதனால் அந்தக் கொடுமையை அங்கே 'சப்பனியா', அதாவது ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம் என்கிறார்கள்.

இவற்றில் எந்த ஆண்டு தாரின் உண்மை முகம்? இரண்டும்தான். ஆகவே பாலைவனத்தை அறிய ஓர் ஆண்டுக் கணக்கு போதாது. பல பத்தாண்டுப் பதிவேடு வேண்டும்.

அந்தப் பதிவேட்டை எழுதும் கருவி மிக எளியது: மழைமானி. தினமும் காலை 8.30 மணிக்கு அதில் சேர்ந்த நீரை அளவுக்குவளையில் ஊற்றிப் பார்த்துக் குறிப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். மழையில்லாத நாளிலும் சுழியம் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்ட நாளை, மழை இல்லாத நாள் என்று பிற்பாடு யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. இப்படிச் சேர்ந்த நீண்ட பதிவுகளிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்த விலகல்களின் பொதுவான அளவை (திட்ட விலக்கம்) சராசரியின் சதவீதமாகச் சொல்வதே 'மாறுபாட்டுக் கெழு'. கேரளத்தில் இது சுமார் 20க்குள் அடங்கும். மேற்கு ராஜஸ்தானில் பல இடங்களில் 50ஐத் தாண்டும். பாலைவனத்தில் மழை குறைவு என்பதைவிட, அதை நம்ப முடியாது என்பதே பெரிய சிக்கல்.

பதிவேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. மழைமானி இடம் மாறியிருக்கலாம், பக்கத்தில் மரம் வளர்ந்திருக்கலாம். லிபியாவின் அல் அசீசியாவில் 1922இல் குறித்த 58 டிகிரி செல்சியஸ் வெப்பம், 90 ஆண்டுகள் உலகச் சாதனையாக நின்றது. கருவியில் பழக்கமில்லாதவர் தவறாகப் படித்திருக்கலாம் என்று கண்டு, 2012இல் உலக வானிலை அமைப்பு அதை நீக்கியது.

பார்மர் வெள்ளம் ஒன்றை வைத்துத் தாரின் தட்பவெப்பம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. 1901 முதல் சேர்ந்த பதிவுகளை வரிசைப்படுத்தியபோதுதான், வடமேற்கு இந்தியாவில் மழை மெல்லக் கூடிவருவது தெரியவந்தது.