காரீயம் காய் வழியா வருதா, கை வழியா வருதா?

மண்ணில் காரீயம் இருந்தால் செடி அதை உறிஞ்சிக் காய்க்குள் கொண்டுவந்துவிடும் என்றுதான் பலரும் பயப்படுறோம். உண்மையில் தக்காளி, கத்தரி, வெண்டைக்குள்ளே போவது ரொம்பக் குறைவு. பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும். கீரையில் ஒட்டின மண், கிழங்குத் தோல், புழுதி, கழுவாத கை, இவைதான் அது வாய்க்குள் வரும் பாதை.

விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடம்பு சுமார் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்; சின்னப் பிள்ளைகள் உடம்பு பாதி வரைகூட எடுக்கும். சுண்ணாம்புச்சத்து போகிற வழியிலேயே காரீயமும் நுழைந்துவிடும். அந்தச் சத்தும் இரும்புச்சத்தும் குறைந்திருந்தாலோ, வயிறு காலியாக இருந்தாலோ, இன்னும் அதிகமாக உள்ளே போகும். பிறகு எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியே கெடும்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் அருகே, பழைய பேட்டரி உடைத்த மண்ணால் 2007 கடைசியிலிருந்து 2008 தொடக்கத்துக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

ரசாயனம் போடாத நிலம் என்பதால் நாம் தப்பிவிட முடியாது. காரீயம் மக்காது. மக்கிய உரம் அதைப் பிடித்து வைக்கும், புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு உதவும், ஆனால் வெளியேற்றாது. பேட்டரிப் பட்டறை இருந்த இடம், பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரம், பெரிய சாலையோரம் என்றால், வழக்கமான தழை-மணி-சாம்பல் சோதனை போதாது. காரீயத்துக்கென்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்க. அளவு தெரியும்வரை அங்கே கீரை, கிழங்கு வேண்டாம். வெறும் மண் தெரியாமல் மூடாக்கு போடுங்க. பிள்ளைகள் சாப்பிட உட்காருமுன் கை கழுவட்டும்.