ஹெச்.ஐ.வி: மாத்திரை சரியா போட்டும் உடம்பில் அழற்சி குறையாதது ஏன்? குடலுக்கு என்ன சம்பந்தம்?

2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் சானடோரியம். இன்று படூர், கேளம்பாக்கம் பக்கம் இருப்பவர்களும் தினமும் ஒரே மாத்திரையில் வைரஸைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது. ஆனாலும் ஹெச்.ஐ.வி உள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 2 மடங்கு. இதற்கு ஒரு முக்கிய காரணம், உள்ளுக்குள் அணையாமல் இருக்கும் அழற்சி.

குடலில் என்ன நடக்குது?

நோய் எதிர்ப்பு செல்களில் பெரும்பகுதி இருப்பது குடல் சுவரில்தான். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே வைரஸ் அங்குள்ள சி.டி.4 செல்களை அழித்துவிடுகிறது. குடல் சுவர் பலவீனமாகி, கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. எதிர்ப்பு சக்தி ஓயாமல் சண்டை போடுகிறது. ஏ.ஆர்.டி இதைக் குறைக்கும், முழுசா சரிசெய்வதில்லை.

அப்போ மாத்திரையால் என்ன பயன்?

நிறுத்தினால் நிலைமை மோசமாகும். சிகிச்சையை இடையிடையே நிறுத்திப் பார்த்த 'ஸ்மார்ட்' ஆய்வில் உயிரிழப்பும் இதய நோயும் அதிகரித்தன. 2006ல் அதன் முடிவுகள் வெளியான பிறகு, இடைவெளி விடும் யோசனையே கைவிடப்பட்டது.

இதயத்துக்குத் தனி மருந்து இருக்கா?

இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுள்ள 7,769 பேரிடம் 'ரிப்ரீவ்' ஆய்வு நடந்தது. பிடாவாஸ்டாடின் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகளை 35% குறைத்ததாக 2023ல் தெரியவந்தது. 40 வயதைக் கடந்தவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். தானாக வாங்கிப் போடக் கூடாது.

மோர், பழைய சோறு உதவுமா?

சாப்பிடலாம். ஆனால் புரோபயாடிக் பற்றிய ஆய்வுகள் சிறியவை. உறுதியான பதில் இல்லை. விலை உயர்ந்த பவுடருக்குக் கொடுக்கும் காசில் கேழ்வரகு, சுண்டல், கீரை, மத்தி மீன் வாங்கலாம். சி.டி.4 குறைவாக இருப்பவர்கள் காய்ச்சாத பால், ரொம்ப நேரம் வெளியில் இருந்த சோற்றைத் தவிர்ப்பது நல்லது. புகை பிடிப்பவர்கள் அதை விடாமல் சாப்பாட்டை மட்டும் மாற்றினால் பெரிய பலன் இருக்காது.

இதை மறக்காதீங்க

வயிறு எரியுதுன்னு ஆன்டாசிட் சிரப் குடிப்பவர்கள் அதிகம். டி.எல்.டி மாத்திரையில் உள்ள டோலுடெகிராவிர், மக்னீசியம் அல்லது அலுமினியம் கலந்த ஆன்டாசிட்டோடு சேர்ந்தால் உடம்பில் சரியா சேராது. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து சிரப் குடிக்கலாம். சிரப்பை முதலில் குடித்துவிட்டால், மாத்திரைக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கட்டணமில்லா எண் 1097.