ஆலை நிலம் குடியிருப்பாதல்: பெரம்பூர்ப் பின்னி ஆலையும் நிலப் பங்கீடும்

முன்னுரை

துறைமுகத்தைச் சார்ந்து வளர்ந்த சென்னை, மும்பை ஆகிய நகரங்களில் பழைய ஆலை நிலங்கள் குடியிருப்புகளாக மாறியுள்ளன. அம்மாற்றத்தில் நிலத்தின் பயன் யாரைச் சேர்கிறது என்பதைப் பெரம்பூர்ப் பின்னி ஆலையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

ஆலையும் ஊரும்

பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் பக்கிங்காம் ஆலை 1876இலும் கர்நாட்டிக் ஆலை 1881இலும் நிறுவப்பட்டன. 1920இல் அவை ஒன்றாயின. நூற்பு, நெசவு, சாயமேற்றுதல் ஆகிய அனைத்தும் அங்கு நடைபெற்றன. காக்கித் துணிக்கு அவ்வாலை பெயர்பெற்றது. வேலை தேடி வந்தோர் பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம் ஆகிய பகுதிகளில் குடியேறினர். ஆலை வேலையே இப்பகுதிகளின் வாழ்வை வகுத்தது.

1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதில் முன்னின்றனர். வாடியா முதலியோர் மீது ஆலை நிர்வாகம் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமையை அது வெளிப்படுத்தியது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கும் தூண்டுகோலாயிற்று.

நிலப் பயன்பாட்டு மாற்றம்

1996இல் ஆலை மூடப்பட்டது. அதன் கூடங்கள் சில காலம் திரைப்படப் படப்பிடிப்புக்குப் பயன்பட்டன. பின்னர் அந்நிலத்தில் அடுக்ககங்கள் எழுந்தன. சென்னையின் வளர்ச்சி விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலைகள் நீங்கலாக 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கென விலையின்றி ஒப்படைக்க வேண்டும். இது எல்லாப் பெருமனைகளுக்கும் உரிய பொது விதி. மனையில் முன்பு ஆலை இருந்ததா, அங்கு உழைத்தவர் யாவர் என்பவற்றை அது கருதுவதில்லை.

மும்பை ஒப்பீடு

மும்பையின் ஆலைப்பகுதியான கிரண்காவ், 1982ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்திற்குப்பின் நலிந்தது. அங்கு 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், மற்றொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியதை உரிமையாளருக்கும் வகுத்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பங்கீட்டைக் கட்டடமற்ற காலிநிலத்துக்கு மட்டும் உரியதாக்கியது. பெரும்பாலான ஆலை நிலத்தில் கட்டடங்களே நின்றமையால் பொதுப்பங்கு சுருங்கியது. 2006இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. ஆயினும் கிடைத்த பங்கில் கட்டப்பட்ட வீடுகள், 2012 முதல் முன்னாள் தொழிலாளர்க்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன.

முடிவுரை

ஆலை மூடப்படுவதைச் சந்தை தீர்மானிக்கலாம். நிலத்தின் பங்கீட்டைத் தீர்மானிப்பது விதியே. மும்பையில் தொழிலாளர்க்கு வீடு கிடைக்க வழிவகுத்தது, குறைக்கப்பட்டபின்னும் எஞ்சிய ஒரு விதி. திறந்தவெளியை மட்டும் கோரும் விதி, பூங்காவைத் தரும்; நூற்றாண்டுக்கு மேலாக அந்நிலத்தைச் சூழ்ந்து வாழ்ந்த உழைப்பாளர் குடும்பங்களுக்கு வீட்டைத் தராது. ஆலை நிலங்களுக்கெனத் தனி வரையறை தேவை என்பதையே பெரம்பூர் உணர்த்துகிறது.