காத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்

டொரொண்டோவில் இருக்கும் மருமகன் விடுமுறைக்குக் கண்டி வந்திருந்தான். மழை விட்ட மாலையில் பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். "மாமா, அங்க பனி கொட்டுற நாள்லயும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன். டயருக்கு எவ்வளவு காத்து அடிக்கணும்?" என்று கேட்டான்.

கண்டியில் பனி கொட்டுவதில்லை. நுவரெலியாவில்கூட ஜனவரி, பெப்ரவரி விடியலில் சில நாள் புல்லின் மேல் உறைபனி படியும், அவ்வளவுதான். ஆனால் அவன் கேள்விக்குப் பாதி விடை நம் மழைப் பாதையிலேயே இருக்கிறது.

முதலில் கணக்கு. பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் அழுத்தம் என்ற அளவு. பின்சக்கரத்தின் மேல் 100 இறாத்தல், அதாவது சுமார் 45 கிலோ பாரம் என்று வையுங்கள். 50 பி.எஸ்.ஐ. காற்றிருந்தால் டயர் ஏறத்தாழ 2 சதுர அங்குலம் தரையில் பதியும். 40 ஆக்கினால் இரண்டரை. பதியும் இடம் கூடுவது மட்டுமல்ல, டயர் இளகிக் கல்லின் மேடுபள்ளத்தோடு ஒட்டி உருளும். கல்லாக இறுகிய டயர் துள்ளும். துள்ளும் அந்தக் கணத்தில் பிடிமானம் இல்லை.

ஹந்தானைத் தோட்டப் பாதையை நினைத்துப் பாருங்கள். மரநிழலில் பாசி பிடித்த கொங்கிரீட், ஈரச் சருகு, பெயர்ந்த கல். அங்கே ஒன்றரை அங்குல டயரில் வழக்கமான 50-ஐ 40 ஆக்கினாலே வளைவில் கைக்கு வித்தியாசம் தெரியும். நகரத்து வழவழப்பான தார் வீதியில் அந்த அளவுக்கு இறக்கத் தேவையில்லை. தேங்கிய நீரில் டயர் மிதந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். 40 பி.எஸ்.ஐ.-யில் அது நடக்க மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும்.

இனிப் பனி. புதிதாக விழுந்த தளர்ந்த பனியிலும் இதே விதிதான், இன்னும் தாராளமாக. ஆழ்ந்த பனியில் ஓடும் நாலங்குல டயர்க்காரர்கள் 10 பி.எஸ்.ஐ.-க்கும் கீழே இறக்குகிறார்கள். அகலமாகப் பதிந்தால் சக்கரம் புதையாது.

பனிக்கட்டி வேறு கதை. கண்ணாடி போன்ற அந்தத் தரையில் காற்றை எவ்வளவு இறக்கினாலும் வெறும் ரப்பர் காப்பாற்றாது. உலோக முள் பதித்த டயர்தான் வேண்டும். சில டயர்களில் முட்கள் ஓரத்தில் இருக்கும். காற்றை இறக்கினால்தான் அவை தரையைத் தொடும்.

குளிரே காற்றழுத்தத்தைக் குறைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டுக்குள் 20 பாகையில் 40 அடித்துவிட்டு மைனஸ் 10-க்கு வெளியே போனால் அது சுமார் 34-க்கு இறங்கிவிடும். அதனால் வண்டி வெளியே குளிர்ந்த பிறகு அளப்பதே சரி.

இறக்குவதற்கும் எல்லை உண்டு. மிகக் குறைந்தால் குழியில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை விழும். வளைவில் டயர் நெளியும். முன்சக்கரத்தில் பாரம் குறைவு என்பதால் பின்னதைவிட 5 குறைத்து வைக்கலாம். ஆனால் கடுகண்ணாவ போன்ற இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னுக்கு வரும். அங்கே முன்சக்கரத்தை மிகவும் தளர்த்திவிடக் கூடாது. டயரின் பக்கத்தில் பொறித்த எண்கள் தாண்டக் கூடாத எல்லைகள். அடிக்க வேண்டிய அளவு அவற்றுக்கு இடையில் நாம் தேடிக்கொள்வது.

தேடும் வழி எளிது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டு, அளவுமானி உள்ள பம்ப் ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் 5 இறக்கி, தெரிந்த பாதையில் மெதுவாக ஓட்டுங்கள். ரிம் கல்லில் இடித்தாலோ வண்டி நெளிந்தாலோ 5 ஏற்றுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு, பாதையின் நிலையோடு எழுதி வையுங்கள்.

மருமகன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பம்ப் எங்கே என்று தேடினான். "நாளைக்குக் காலையில ஹந்தானைக்கு ஏறுவோம். ஒரே வளைவுல ஒரு தடவை 50, ஒரு தடவை 40. நீயே பாரு" என்றேன். இரவு மறுபடி மழை பிடித்தது. பாதை நன்றாக நனையட்டும் என்று இருந்தேன்.