மருந்துச் சீட்டோடு முடியாத வைத்தியம்

“வளர்ந்தால் சரியாகிவிடும், பார்ப்போம்.” குண்டான பிள்ளையை அழைத்துவரும் பெற்றோருக்கு டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் இது. 2023 ஜனவரியில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டி, இனி அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்றது. 12 வயதிலிருந்து, உணவு, உடற்பயிற்சி ஆலோசனையோடு மருந்தையும் முன்வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

யாருக்கு?

பெரியவர்களுக்கான ‘பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியீடு) 30’ என்ற ஒற்றைக் கோடு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவரவர் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி அட்டவணையில் பி.எம்.ஐ. 95-வது சதமானத்தை (பெர்சென்டைல்) எட்டினால்தான் உடல் பருமன்.

மருந்து என்ன செய்கிறது?

அதிகம் பேசப்படும் செமாகுளுடைடு, வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் பேனா ஊசி. உணவு உண்டதும் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 ஹார்மோனின் வேலையை இது செய்கிறது. பசி அடங்குகிறது, சீக்கிரமே வயிறு நிறைகிறது. 201 பதின்வயதினரிடம் 68 வாரம் நடந்த சோதனையில், மருந்து பெற்றவர்களின் பி.எம்.ஐ. சராசரியாக 16.1% குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 0.6% கூடியது. 2022 டிசம்பரில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு?

சோதனையில் கண்காணிக்க ஆளுண்டு. வீட்டில் ஊசி போடும் நாளை நினைவில் வைக்க வேண்டியது பிள்ளையும் பெற்றோரும்தான். தொடக்க அளவு 0.25 மில்லிகிராம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டிக்கூட்டி, 2.4-ஐத் தொட 16 வாரம் ஆகும். அவசரப்பட்டால் குமட்டலும் வாந்தியும் வாட்டும். சோதனையிலேயே மருந்து எடுத்தவர்களில் 62% பேருக்கு வயிற்று உபாதை. 4% பேருக்குப் பித்தப்பைக் கல். காப்பீடு கைவிட்டு ஊசி சில வாரம் நின்றுபோனால், பழைய அளவிலேயே தொடர முடியாமல் போகலாம். அடியோடு நிறுத்தினால் குறைந்த எடை திரும்பும். இதே வகையைச் சேர்ந்த லிராகுளுடைடு என்ற தினசரி ஊசி பற்றிய 2020 ஆய்வில் அதுதான் நடந்தது. கர்ப்ப காலத்தில் இந்த மருந்து கூடாது என்பதால், பெண் பிள்ளைகளிடம் டாக்டர் தனியாகவும் பேச வேண்டும்.

ஆகவே, பிள்ளை ஒவ்வொரு முறை வரும்போதும் கடைசி ஊசி எப்போது, சாப்பாடு இறங்குகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்க வேண்டும். எடையோடு உயரத்தையும் அளக்க வேண்டும். பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டுதானே இருக்கிறது!