சாவி எத்தனை பேர் கையில்?

ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் கூடிப் பேசும் ஓர் இடம். அதன் சாவியோ ஒரே ஒருவரிடம். அவர் நோயுற்றால் என்ன ஆகும்? 'மாஸ்டடான்' என்னும் சமூக வலைத்தளத்தில் இருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

மாஸ்டடானை ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ 2016-இல் வெளியிட்டார். இதற்குத் தலைமை நிலையம் கிடையாது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒரு பொது விதிமுறைப்படி தமக்குள் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்துவோர் தொண்டர்களே.

ஒரு சர்வரை நடத்த என்ன செலவு என்கிறீர்களா? நீங்கள் வேறொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் இடும் செய்தியும் படமும் உங்கள் சர்வருக்கும் நகலாக வந்து சேரும். ஆகவே உறுப்பினர் சிலரே ஆனாலும் சேமிப்பிடம் விரைவில் நிரம்பிவிடும். வசைமொழி பற்றிய புகார்களையும் யாரேனும் படித்துத் தீர்க்க வேண்டும். விளம்பர வருவாய் இல்லை, பெரும்பாலும் நன்கொடைதான்.

2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் டுவிட்டரை வாங்கியதும் பலர் மாஸ்டடானுக்கு வந்தனர். அமெரிக்காவில் கிரிஸ் நோவா என்பவர் தம் வீட்டு நிலவறையில் 'ஹாக்கிடெர்ம்' என்ற சர்வரை நடத்திவந்தார். சில நூறாக இருந்த உறுப்பினர் தொகை, நவம்பர் மாதத்திலேயே ஏறத்தாழ 30,000 ஆயிற்று. வட்டுகள் திணறின. தொண்டர் குழு ஒன்று சேர்ந்து, ஜெர்மனியிலுள்ள வாடகைக் கணினிகளுக்கு அதை மாற்றியது. பொறுப்பேற்க ஓர் அறக்கட்டளையும் அமைந்தது.

2023 ஆகஸ்டில் நோவா மலையேற்ற விபத்தில் இறந்துபோனார். ஆனால் ஹாக்கிடெர்ம் நிற்கவில்லை. சாவி அதற்குள் பலர் கைக்கு வந்திருந்தது அல்லவா?

பணம் மட்டும் இருந்தாலும் போதாது. மொசில்லா போன்ற பெரிய அமைப்பே தன் மாஸ்டடான் சர்வரை 2024 டிசம்பரில் மூடிவிட்டது. சர்வர் மூடப்படுமுன் நீங்கள் வேறிடம் மாறினால், பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம்; பழைய பதிவுகள் புதிய கணக்குக்கு வாரா.

இதற்காகவே மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சர்வர்களுக்குச் சில நிபந்தனைகள் உண்டு: நாள்தோறும் காப்பு நகல் எடுத்தல், அவசரத்தில் சர்வரைத் திறக்க இன்னொருவருக்கேனும் வழி இருத்தல், மூடுவதற்கு 3 மாதம் முன்பே அறிவித்தல்.

எனவே ஒரு சர்வரில் சேருமுன், "இதை நடத்துபவர் யார்?" என்று மட்டும் கேளாதீர்கள். "அவர் இல்லாத நாளில் யார்?" என்றும் கேளுங்கள்.